ஆண்டெனாவின் வீச்சுத் திறன்: அளவு மாற்றிக் கணக்கிடும் முறை



பலசரக்குக் கடைக்கும் ஆண்டெனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கடைக்கும் கிட்டங்கிக்கும் இடையே கம்பியில்லா இணைப்பு வைத்திருப்பவர்கள் இன்று நம்மிடையே உண்டு. மொட்டை மாடியைச் செல்போன் கோபுரத்துக்கு வாடகைக்கு விட்டவர்களும் உண்டு. இரு சாராருமே ‘இத்தனை வாட்’, ‘இத்தனை டி.பி.எம்.’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடுகிறோம். முத்திரையில்லாத எடைக்கல்லைத் தொடாத நாம், இந்த அளவை மட்டும் எவரிடமும் விசாரிப்பதில்லை. நானும் அப்படி விசாரிக்காமல் 6,000 ரூபாய் இழந்தவன்தான். பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டதை இங்கே பாடமாகத் தருகிறேன். பள்ளிப் படிப்போடு நின்ற எனக்கே புரிந்த கணக்கு இது. உங்களுக்கும் கட்டாயம் புரியும்.

படியும் வாட்டும்

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வரத் தொடங்கின. அதற்கு முன் ஊருக்கு ஊர் படி வேறு. மரக்கால் என்றால் ஓரிடத்தில் எட்டுப் படி, இன்னோரிடத்தில் அதைவிடக் குறைவு. ‘பத்து மரக்கால் நெல்’ என்று வெளியூரிலிருந்து கடிதம் வந்தால், ‘எந்த ஊர் மரக்கால்?’ என்று பதில் எழுதிக் கேட்ட பிறகே விலை பேசுவோம் என்று என் தந்தையார் சொல்வார்.

ஆண்டெனா விஷயத்திலும் அந்தக் கேள்விதான் முதல் கேள்வி. ‘4 வாட்’ என்று ஒருவர் சொன்னால் இரண்டைக் கேட்க வேண்டும். ஒன்று, எந்த இடத்தில் அளந்த வாட்? இரண்டு, எதனோடு ஒப்பிட்டு அளந்த வாட்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் மற்றதெல்லாம் வெறும் கூட்டல் கழித்தல்தான்.

எந்த இடத்தில் அளப்பது?

மூட்டையை மூன்று விதமாகச் சொல்கிறோம்: சாக்கோடு மொத்த எடை, சாக்குக் கழிவு, நிகர எடை. வானலைக் கருவியிலும் மூன்று இடங்கள் உண்டு. கருவியிலிருந்து வெளிவரும் திறன் முதலாவது. ஆண்டெனாவுக்குப் போகும் கேபிளிலும் இணைப்புகளிலும் சிறிது சூடாகிக் கழிந்துபோகும். அந்தக் கழிவு போக ஆண்டெனாவின் வாசலுக்கு வந்து சேர்வது இரண்டாவது. ஆண்டெனா அதை ஒரு திசையில் குவித்து அனுப்பும்போது அந்தத் திசையில் தெரியும் திறன் மூன்றாவது. இதைத்தான் வீச்சுத் திறன் என்கிறோம்.

மூன்றும் ‘வாட்’ என்ற ஒரே பெயரில்தான் தாளில் வரும். எண்கள் மட்டும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியிருக்கும்.

டெசிபல் வாய்ப்பாடு

கழிவும் குவிப்பும் மடங்குக் கணக்கில் வருபவை. மடங்குகளைப் பெருக்கிக்கொண்டே போனால் எண்கள் கைக்கு அடங்காது. அதனால் பெருக்கலைக் கூட்டலாகவும், வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றித்தரும் டெசிபல் முறையைப் பொறியாளர்கள் வைத்திருக்கிறார்கள். இந்தச் சிறு வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்:

1 டெசிபல் – 1.26 மடங்கு
3 டெசிபல் – 2 மடங்கு
6 டெசிபல் – 4 மடங்கு
7 டெசிபல் – 5 மடங்கு
10 டெசிபல் – 10 மடங்கு
20 டெசிபல் – 100 மடங்கு
30 டெசிபல் – 1,000 மடங்கு

மற்ற எண்களை இவற்றைக் கொண்டே கட்டிக்கொள்ளலாம். 17 டெசிபல் என்பது 10-உம் 7-உம் சேர்ந்தது. ஆகவே 10 × 5 = 50 மடங்கு.

டெசிபல் என்பது மடங்கு மட்டுமே. தனியாக நின்றால் அது அளவு ஆகாது. எதனுடைய மடங்கு என்பதைக் காட்டவே பின்னால் ஓர் எழுத்தைச் சேர்க்கிறார்கள். டி.பி.எம். என்றால் ஒரு மில்லிவாட்டின் மடங்கு. 0 டி.பி.எம். என்பது 1 மில்லிவாட், 20 டி.பி.எம். 100 மில்லிவாட், 30 டி.பி.எம். 1 வாட், 36 டி.பி.எம். 4 வாட். சில தாள்களில் டி.பி.டபிள்யூ. என்றிருக்கும். அது ஒரு வாட்டின் மடங்கு. டி.பி.எம். எண்ணிலிருந்து 30-ஐக் கழித்தால் டி.பி.டபிள்யூ. எண் கிடைக்கும்.

எதனோடு ஒப்பிடுவது?

ஆண்டெனாவின் குவிக்கும் ஆற்றலுக்குக் கெயின் என்று பெயர். ஆதாயம் என்று பொருள். ஆனால் இந்த ஆதாயம் புதிதாக வந்த வரவு அல்ல. ஒரு மூட்டை மிளகாயைத் தளம் முழுவதும் பரப்பினால் விரல் உயரம்கூட நிற்காது. அதே மிளகாயை ஒரு மூலையில் குவித்தால் இடுப்பளவு நிற்கும். மூட்டை ஒன்றுதான், மூலையில் கூடியது மற்ற இடங்களில் குறைந்திருக்கும். ஆண்டெனா செய்வதும் அதுவே.

எத்தனை மடங்கு குவித்தது என்று சொல்ல, குவிக்காத ஓர் ஆண்டெனாவோடு ஒப்பிட வேண்டுமல்லவா? இங்கேதான் இரண்டு படிகள் வந்துவிட்டன.

முதல் படி, பந்துபோல எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆண்டெனா. உலகில் அப்படியொன்றைச் செய்ய முடியாது, கணக்குக்கு வசதி. இதனோடு ஒப்பிட்ட கெயினை டி.பி.ஐ. என்று எழுதுவார்கள். இதன்படி கணக்கிட்ட வீச்சுத் திறனுக்கு இ.ஐ.ஆர்.பி. என்று பெயர்.

இரண்டாம் படி, அரை அலைநீளத்தில் செய்யும் சாதாரண இரட்டைக் கம்பி ஆண்டெனா. இதை டைபோல் என்பார்கள். இதனோடு ஒப்பிட்ட கெயின் டி.பி.டி. எனப்படும். இதன்படி வரும் வீச்சுத் திறன் இ.ஆர்.பி. ஆகும். பண்பலை வானொலித் துறையில் இந்தப் படிதான் வழக்கம்.

டைபோல் தானே பக்கவாட்டில் சற்றுக் குவிக்கிறது. பந்து ஆண்டெனாவைவிட அதன் கெயின் 2.15 டெசிபல் அதிகம், மடங்கில் 1.64. ஆகவே அளவு மாற்றும் விதி இவ்வளவுதான்:

டி.பி.ஐ. = டி.பி.டி. + 2.15
டி.பி.எம். எண்ணில்: இ.ஐ.ஆர்.பி. = இ.ஆர்.பி. + 2.15
வாட் எண்ணில்: இ.ஐ.ஆர்.பி. = இ.ஆர்.பி. × 1.64

மறுபக்கம் போக வேண்டுமானால் 2.15-ஐக் கழிக்கவும், வாட் என்றால் 1.64-ஆல் வகுக்கவும். வீச்சுத் திறனைக் கண்டுபிடிக்கும் வழியும் சுலபம்:

வீச்சுத் திறன் = கருவித் திறன் – கேபிள் கழிவு + ஆண்டெனா கெயின்

கெயினை டி.பி.ஐ.யில் போட்டால் விடை இ.ஐ.ஆர்.பி.; டி.பி.டி.யில் போட்டால் விடை இ.ஆர்.பி. இரண்டையும் கலக்கக் கூடாது.

நான் ஏமாந்த கணக்கு

எங்கள் கடை கீழமாசி வீதியில், கிட்டங்கி தல்லாகுளத்தில். ஏறத்தாழ 3 கிலோமீட்டர். சரக்கு இருப்பை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்று என் மகன் கம்பியில்லா இணைப்புக்கு இரண்டு கொட்டேஷன் வாங்கினான். ஒன்றில் வீச்சுத் திறன் 2.44 வாட் என்றிருந்தது. மற்றதில் 4 வாட். இரண்டாவது 6,000 ரூபாய் கூடுதல். ‘கிட்டத்தட்ட இருமடங்கு பலம், விலை கூடினாலும் பரவாயில்லை’ என்று நானே சொல்லி இரண்டாவதை வாங்கினேன்.

பிறகு பொறியியல் படித்த உறவுக்காரப் பையன் இரண்டு தாள்களையும் பார்த்தான். முதல் தாளில் 2.44-க்குப் பக்கத்தில் இ.ஆர்.பி. என்றும், இரண்டாவதில் 4-க்குப் பக்கத்தில் இ.ஐ.ஆர்.பி. என்றும் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினான். 2.44 × 1.64 = 4. இரண்டு கருவியும் ஒரே பலம். சின்ன மரக்காலில் அளந்ததைப் பெரிய மரக்காலில் அளந்ததோடு எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட்டுவிட்டேன். விற்றவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

பலத்தைக் கூட்டியதால் வந்த வம்பு

இரண்டாவது பாடமும் உடனே கிடைத்தது. சில மாதங்களில் இணைப்பு அடிக்கடி அறுந்தது. பார்க்க வந்த தொழிலாளி கருவியின் திறனை 27 டி.பி.எம். அளவுக்கு உயர்த்திவிட்டுப் போனார். ஆண்டெனா 20 டி.பி.ஐ.; கேபிள் கழிவு 1 டெசிபல். கணக்குப் பாருங்கள்: 27 – 1 + 20 = 46 டி.பி.எம். வாய்ப்பாட்டின்படி 46 என்பது 30 + 10 + 6; அதாவது 1 வாட் × 10 × 4 = 40 வாட்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு 2005 ஜனவரியில் அறிவிக்கை வெளியிட்டது. அதில் கருவித் திறன் 1 வாட், வீச்சுத் திறன் 4 வாட், ஆண்டெனா உயரம் கட்டடக் கூரைக்கு மேல் 5 மீட்டர் என்று வரம்பு வைத்தார்கள். எங்கள் கருவியின் திறன் அரை வாட். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் வரம்புக்குள் இருப்பதாகவே தோன்றும். வீச்சுத் திறனோ வரம்பைப் போலப் பத்து மடங்கு! பக்கத்து மருந்துக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டரின் வைஃபை தடுமாறத் தொடங்கியதும் அதன் பிறகுதான். அவர் நல்ல மனிதர். புகார் எழுதாமல் நேரில் வந்து சொன்னார்.

சரிசெய்தது எப்படி? 4 வாட் என்பது 36 டி.பி.எம். ஆண்டெனாவின் 20-ஐக் கழித்து, கேபிள் கழிவு 1-ஐக் கூட்டினால் 17 டி.பி.எம். வருகிறது. அதாவது 50 மில்லிவாட். கருவியை அந்த அளவுக்கு இறக்கி வைத்தோம். இங்கே ஒரு முன்னெச்சரிக்கை. வரம்பில் சொல்லும் 4 வாட்டை இ.ஐ.ஆர்.பி. என்றே வைத்துக் கணக்கிடுங்கள். இ.ஆர்.பி. என்று வைத்தால் 6.56 வாட் வரை போகலாம் என்று தோன்றும். சிறிய எண்ணைப் பிடித்துக்கொண்டால் எந்தப் படியில் அளந்தாலும் நாம் வரம்புக்குள்தான் இருப்போம். மற்ற அலைவரிசைகளுக்கு வேறு வரம்புகள் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு 2018-இல் தனி அறிவிக்கை வந்தது. வாங்கும் கருவி எந்த அலைவரிசை என்று பார்த்து அதற்குரிய வரம்பையே எடுக்க வேண்டும்.

இவ்வளவு குறைத்தால் 3 கிலோமீட்டர் எட்டுமா என்ற பயம் எனக்கும் இருந்தது. கணக்கு அந்தப் பயத்தைப் போக்கியது. தடையில்லாத வெளியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 3 கிலோமீட்டரில் வரும் இழப்பு ஏறத்தாழ 110 டெசிபல். எதிர்முனையில் உள்ள ஆண்டெனாவும் 20 டி.பி.ஐ. ஆகவே அங்கே வந்து சேர்வது 36 – 110 + 20 = மைனஸ் 54 டி.பி.எம். நல்ல வேகத்துக்கு மைனஸ் 65 இருந்தாலே போதும். நம்மிடம் 11 டெசிபல், அதாவது பன்னிரண்டு மடங்குக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

அப்படியானால் இணைப்பு ஏன் அறுந்தது? இடையில் ஒரு வீட்டு மாடியில் புதிதாக ஏறிய தண்ணீர் டேங்க் நேர்க்கோட்டை மறைத்திருந்தது. கம்பத்தைச் சற்று நகர்த்தியதும் சரியாயிற்று. வாங்கும் பக்கத்து ஆண்டெனாவின் கெயின் வீச்சுத் திறன் வரம்பில் சேராது என்பதையும் கவனியுங்கள். பெரிய ஆண்டெனாவை வைத்துக் கருவியின் திறனைக் குறைப்பவருக்கு, வீச்சு வரம்புக்குள் நிற்கும், காதும் கூர்மையாகும்.

வானொலியில் மூன்றாவது படி

தல்லாகுளம் பக்கம் லேடி டோக் கல்லூரி சாலையில் மதுரை வானொலி நிலையம் இருப்பதை எல்லோரும் அறிவோம். மத்திய அலை வானொலியில் மேற்சொன்ன இரண்டும் போதாமல் மூன்றாவதாக ஒரு படியும் உண்டு. தரையில் நட்ட குட்டையான ஒற்றைக் கம்பியோடு ஒப்பிடும் அளவு அது. இ.எம்.ஆர்.பி. என்பார்கள். கீழே தரை இருப்பதால் வீச்சு மேல்பாதியில் மட்டும் போகிறது. அதனால் பந்து ஆண்டெனாவைப்போல 3 மடங்கு. டெசிபலில் 4.77.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1 கிலோவாட் வீச்சுத் திறனுக்கு 1 கிலோமீட்டர் தூரத்தில் அலையின் பலம்:

இ.ஐ.ஆர்.பி. என்றால் – மீட்டருக்கு 173 மில்லிவோல்ட்
இ.ஆர்.பி. என்றால் – மீட்டருக்கு 222 மில்லிவோல்ட்
இ.எம்.ஆர்.பி. என்றால் – மீட்டருக்கு 300 மில்லிவோல்ட்

எண் ஒன்றே, ‘1 கிலோவாட்’. போய்ச் சேரும் சரக்கு மூன்று விதம்.

எந்தப் படியிலும் உயரம் சேராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கொடைக்கானலின் 100.5 பண்பலையை மதுரையில் கேட்டுக்கொண்டே நம்மில் பலர் கடை திறந்திருக்கிறோம். 10 கிலோவாட் ஒலிபரப்பிதான் அது. கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே நின்று வீசுவதால்தான் சமவெளியில் அத்தனை மாவட்டங்களுக்கு எட்டுகிறது. நேர்க்கோடு கிடைத்தால் குறைந்த வாட்டும் தூரம் போகும். எங்கள் தண்ணீர் டேங்க் கற்றுத்தந்ததும் இதுதான்.

மாடியில் செல்போன் கோபுரம் வைத்தவர்களுக்கு

இங்கே அளவுப் பிழை செய்தால் பணத்தோடு முடியாது. ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். கருவித் திறன் 20 வாட், அதாவது 43 டி.பி.எம். ஆண்டெனா 17 டி.பி.ஐ. கேபிள் கழிவை விட்டுவிடுவோம். 43 + 17 = 60 டி.பி.எம். இ.ஐ.ஆர்.பி. 1,000 வாட்.

2012 செப்டம்பர் 1 முதல் மத்திய தொலைத்தொடர்புத் துறை, கோபுர அலைகளுக்கான வரம்பைச் சர்வதேச வழிகாட்டுதலில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். இந்த வரம்பை வைத்துக்கொண்டு தூரத்தைப் பார்ப்போம். பந்தின் மேற்பரப்பு 12.57 × தூரம் × தூரம் என்பது பள்ளிக் கணக்கு. இ.ஐ.ஆர்.பி.யை இந்தப் பரப்பால் வகுத்தால் அங்கே விழும் அளவு கிடைக்கும்.

1,000 வாட் இ.ஐ.ஆர்.பி.க்கு வரம்பு எட்டும் தூரம் ஏறத்தாழ 13 மீட்டர். அதே 1,000 வாட் இ.ஆர்.பி.யாக இருந்தால், உண்மையில் அது 1,640 வாட் இ.ஐ.ஆர்.பி.; தூரம் 17 மீட்டர். எதையும் யோசிக்காமல் கருவியின் 20 வாட்டையே போட்டுக் கணக்கிட்டால் 2 மீட்டருக்கும் குறைவாக வரும். ஒரே கோபுரத்துக்கு 2, 13, 17 என்று மூன்று விடைகள். எதிர் மாடியில் வடகம் காயப்போட வரும் பெண்மணி நிற்கும் இடம் 15 மீட்டர் தூரத்தில் இருந்தால், எது சரியான விடை என்பது அவருக்கும் முக்கியம்.

வீணாகப் பயப்படவும் வேண்டாம். இந்தக் கணக்கு ஆண்டெனாவின் முகத்துக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் நிற்பவருக்கு உரியது. அடியிலும் பின்புறத்திலும் வீச்சு வெகுவாகக் குறையும். அதே சமயம், ஒரு கோபுரத்தில் பல ஆண்டெனாக்கள் இருந்தால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 2017 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை ‘தரங் சஞ்சார்’ என்ற இணைய வசதியைத் தொடங்கியது. 4,000 ரூபாய் கட்டணத்தில் குறிப்பிட்ட இடத்தில் அளந்து சொல்லக் கேட்கும் வழியும் அதில் வைக்கப்பட்டது. குத்தகை ஒப்பந்தம் போடும்போதே ஒவ்வொரு ஆண்டெனாவின் இ.ஐ.ஆர்.பி.யையும் அது பார்க்கும் திசையையும் எழுதித்தரச் சொல்லுங்கள். பின்னால் அக்கம்பக்கத்தார் கேட்டால் பதில் சொல்ல நம் கையில் தாள் இருக்கும்.

பயிற்சி

விடையைப் பார்க்காமல் ஒரு சிட்டையில் போட்டுப் பாருங்கள்.

1. கருவி 20 டி.பி.எம்.; கேபிள் கழிவு 2 டெசிபல்; ஆண்டெனா 12 டி.பி.ஐ. வீச்சுத் திறன் இரண்டு படியிலும் எவ்வளவு?

2. கருவி 23 டி.பி.எம்.; கழிவு 1 டெசிபல்; ஆண்டெனா 10 டி.பி.டி. இ.ஐ.ஆர்.பி. எத்தனை வாட்?

3. சமுதாய வானொலிக்கு 2006-ஆம் ஆண்டுக் கொள்கை 100 வாட் இ.ஆர்.பி. என்று வைத்தது. இ.ஐ.ஆர்.பி.யில் அது எவ்வளவு?

விடைகள்: (1) இ.ஐ.ஆர்.பி. 30 டி.பி.எம்., அதாவது 1 வாட்; இ.ஆர்.பி. 27.85 டி.பி.எம்., அதாவது 0.61 வாட். (2) இ.ஆர்.பி. 32; அதோடு 2.15 சேர்ந்து 34.15 டி.பி.எம்.; சுமார் 2.6 வாட். (3) 164 வாட்.

கொட்டேஷன் வாங்கும்போது கேட்க வேண்டியவை

1. சொல்லும் வாட் கருவியினுடையதா, வீச்சுத் திறனா?
2. வீச்சுத் திறன் என்றால் இ.ஐ.ஆர்.பி.யா, இ.ஆர்.பி.யா?
3. ஆண்டெனா கெயின் டி.பி.ஐ.யா, டி.பி.டி.யா? வெறும் ‘டெசிபல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம்.
4. கேபிள் கழிவு கழிக்கப்பட்டதா?
5. இந்த அலைவரிசைக்கு அரசு வைத்த வரம்பு எவ்வளவு? நம் கணக்கு அதற்குள் நிற்கிறதா?

எல்லாத் தாளையும் இ.ஐ.ஆர்.பி. டி.பி.எம்.முக்கு மாற்றி ஒரே பத்தியில் எழுதிய பிறகே விலையை ஒப்பிடுங்கள். கிலோவுக்குக் கிலோ விலை பார்ப்பது நமக்குப் பழகிய வழிதானே.

எங்கள் கருவி இப்போதும் 17 டி.பி.எம்.மில் ஓடுகிறது. மருந்துக் கடைக்காரரின் பில்லும் தடையில்லாமல் ஓடுகிறது. நம் எடை சரியாக இருந்தால் பக்கத்துக் கடைக்காரரும் நிம்மதியாக வியாபாரம் செய்வார். தராசுக்கு உள்ள இந்த நியாயம் ஆண்டெனாவுக்கும் உண்டு.